ஒரே டிஸ்க்கில் அஞ்சு

பெரிய விஞ்ஞானியைப் போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார் பால்ராஜ். நான்கு சண்டைப் படங்களையும் தம் கல்யாண வீடியோவையும் ஒரே டிவிடியில் அடைப்பதுதான் ஆராய்ச்சி. திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு. டிஸ்க் கொள்ளாவிட்டால் அது சிவப்பாகிவிடும். மூன்று நாளாகச் சிவப்பாகவே இருந்தது. இன்று பச்சையானதும் பட்டாபிராம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"வனஜா! அஞ்சும் உள்ள பூந்துச்சு!"

வனஜா ஈரக்கையோடு வந்து நின்றாள். அவளுக்கு வேண்டியது கல்யாண வீடியோவில் நாற்பதாவது நிமிஷத்தில் வரும் சில விநாடிகள் மட்டும். பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கும் அம்மா, கேமராவைப் பார்த்ததும் கிழிந்த ஜாக்கெட் கையை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்த வருஷமே அம்மா போய்விட்டாள். அவள் இன்னும் அசைந்துகொண்டிருக்கும் ஒரே இடம் அது.

டிவியில் வாளி வந்தது. சேலை வந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் நாலு பழுப்புக் கட்டங்கள்.

"இது யாருங்க?"

"உங்கம்மாதான். சேலய பாத்தா தெர்ல?"

"மூஞ்சி எங்க?"

"எதனா ஒண்ண கொறச்சாதான மத்தது பூறும்? கல்யாணத்த கொறச்சேன்."

"சண்டப் படத்தக் கொறச்சிருக்கலாமே?"

"இன்னாடி பேசற? அத்த கொறச்சா கிளாரிட்டி பூடும்!"

உண்மையான பதற்றத்தோடு சொன்னார். வன்மம் இல்லை. வன்மம் இருந்திருந்தால்கூட மதித்திருப்பாள். அதற்கு அவளைக் கொஞ்சமாவது நினைத்திருக்க வேண்டும். இந்த மனிதரைத்தான் இருபத்தெட்டு வருஷமாகக் கெட்டிக்காரர் என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, அவரைவிடத் தன் மேல்தான் அதிகம் இளக்காரமாக இருந்தது.

"கம்ப்யூட்டர்ல பெரிசா இருந்த கல்யாண வீடியோ?"

"அழிச்சிட்டேன். எடத்த அடச்சிகினு கெடந்துச்சு."

கேசட் எப்போதோ பூஞ்சை பிடித்துப்போனது. அதிலிருந்து ஸ்டுடியோவில் மாற்றித் தந்த இரண்டு டிஸ்க்குகள்தான் மிச்சம்.

"ஸ்டுடியோ டிஸ்க்கு?"

"பால்கனில கட்டி வுட்டுட்டேன். புறாத் தொல்ல தாங்கல."

நைலான் கயிற்றில் இரண்டும் வெயிலில் சுழன்றுகொண்டிருந்தன. கம்பியில் உரசி உரசிக் கோடு விழுந்திருந்தது. அவிழ்த்து, முந்தானையால் துடைத்து, முதல் டிஸ்க்கைப் போட்டாள். தாலி கட்டும்போது நின்றது. மெட்டி போடும்போது நின்றது. தன் கல்யாணம் திக்கித் திணறுவதை அவள் பொருட்படுத்தவில்லை. அம்மா வந்தாள். ஜாக்கெட் கையை மூடினாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் டிஸ்க் அப்படியே சிக்கிக்கொண்டது. தெற்றுப்பல் வரை தெளிவாக.

சாயங்காலம், பழைய ஃபேக்டரிக் கூட்டாளி மணவாளன் அதிசயத்தைப் பார்க்க வந்தார்.

"ஒரே டிஸ்க்குல அஞ்சா அண்ணாத்தே? கில்லாடிதான் நீ!"

பால்ராஜ் பூரித்துப்போய் மேஜையைத் துழாவினார். "வனஜா, என் டிஸ்க்கு எங்க கீது?"

"பால்கனில."

"அங்க இன்னா பண்ணுது?"

"புறா ஓட்டுது."

அதற்குக்கூட அது லாயக்கில்லை. பக்கத்திலேயே கம்பியில் இரண்டு புறாக்கள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன.