எல்லா மாடியிலும் நிற்கும் லிஃப்ட்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. அண்ணன் கேட்டார், எழுதுகிறேன். என்னிடம் ஒருவர் கதை கேட்பது இதுதான் முதல் தடவை. அதுவும் அண்ணன்! நான் எழுதிய எதையும் அவர் இரண்டாவது பக்கம் தாண்டிப் படித்ததில்லை. "நல்லாருக்குடா, எழுத்துதான் பொடியா இருக்கு" என்று மூடிவைத்துவிடுவார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு ஒரே மகள், சில்லு. (வீட்டுப் பெயர். சின்ன வயதில் அவள் கை பட்ட கண்ணாடி எல்லாம் சில்லுசில்லாகப் போனதால் வந்தது.) இந்த வருடம் படித்து முடித்தாள். முதல் நேர்காணலுக்குப் போய்வந்தாள், வேலை கிடைக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை இன்னோர் இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, இனி எங்கேயுமே போகமாட்டாளாம்.

"நீ எழுதுறவன்தானேடா," என்றார் அண்ணன் போனில். "எனக்குப் பேச வரலை. உங்க அண்ணி பேசினா ரெண்டு பேரும் அழுதுட்டு உக்காந்திருக்காங்க. நீ கதை மாதிரி ஏதாவது எழுதிக் குடேன். படிச்சிட்டு எந்திரிச்சுப் போவா."

என் கதையைப் படித்து எழுந்து போனவர்கள் உண்டு. பெரும்பாலும் பாதியில்.

2

தொடக்கம் ஒன்று: "அவள் கண் விழித்தபோது அறை முழுக்க வெயில் பரவியிரு" (வெயிலில் தொடங்கும் கதைகள் எனக்கே அலுத்துவிட்டன. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "தோல்வி என்பது" (இதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் சில்லு என் முகத்தில் விழிக்கமாட்டாள்.)

தொடக்கம் மூன்று: "பட்டம் பெற்ற இளைஞர்கள் இன்று எதிர்கொள்ளும் சவால்களில்" (இப்படி எழுதுகிறவர்கள் எல்லோரும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். நான் உட்பட.)

தொடக்கம் நான்கு: "அவள் உட்காரப்போகும் இடத்தை அவர்கள் அவளுக்குக் காட்டினார்கள்."

இதை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. இது என் வாக்கியமில்லை, அவள் சொன்னது.

3

அவள் அறைக்குப் போயிருந்தேன். நேர்காணலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கியது. 'பார்வையாளர்' என்று அச்சிட்ட ஸ்டிக்கர் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. சில்லு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"சீட்டைக்கூட காட்டினாங்க சித்தப்பா," என்றாள் சுவரிடம். "ஒரு மேடம் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. ஜன்னலோரம். 'மதியத்துல வெயில் அடிக்கும், திரை போட்டுக்கலாம்'னு சொன்னாங்க. வேலை குடுக்காதவங்க எதுக்கு சித்தப்பா திரையப் பத்திப் பேசணும்?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"போனப்பவே எல்லாம் நல்லா இருந்துச்சு. அப்பா லிஃப்ட் பாக்குற பில்டிங்தானே, கீழயே நின்னுட்டிருந்தார். லிஃப்ட் எந்த மாடியிலயும் நிக்காம நேரா ஒன்பதுக்குப் போச்சு. சரி, இன்னிக்கு நம்ம நாளுன்னு நெனச்சேன். உள்ள மூணு பேர். நடுவுல இருந்த சாருக்கு மட்டும் வேர்த்து வழிஞ்சுது. ஏசி ஓடுது, அவர் கழுத்தத் துடைச்சிட்டே இருக்கார். நான் அதையே பாத்துட்டேனோ என்னவோ."

பிறகு இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. வருந்துகிறோம், வாழ்த்துகிறோம். ஏன் என்று பணிவாகக் கேட்டு எழுதினாள். பதில் இல்லை. அவர்கள் சொல்லாததால் இவளே காரணங்களைத் தயாரிக்கத் தொடங்கினாள். ஒரு கேள்விக்குத் 'தெரியாது' என்று சொன்னது. எழுந்தபோது நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்தது.

"குடிக்கத் தண்ணி குடுத்தாங்க. முழுசாக் குடிச்சிட்டேன். பாதி வெச்சிருக்கணுமோ?"

வேறு சமயமாக இருந்தால் கிண்டல் செய்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. இத்தனை வருடம் விழுந்து விழுந்து படித்த பெண், ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தது குற்றமா என்று சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காரணம் மட்டும் தெரிஞ்சா போதும் சித்தப்பா. எங்க தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம். தெரியாம எப்படி இன்னொரு இடத்துல போய் உக்காருறது?"

4

வீட்டுக்கு வந்து எழுதினேன். இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

வாழ்க்கையில் ஒருவருக்கு வேலை கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. கதையில் அப்படி விட்டால் வாசகர் விடமாட்டார். ஏன் என்று சட்டையைப் பிடிப்பார். காரணம் சின்னதாக இருக்கலாம், அநியாயமாக இருக்கலாம், ஆனால் இருந்தாக வேண்டும். சில்லு கேட்பதும் அதைத்தான். வாழ்க்கை தராததை நான் தருகிறேன் என்று கிளம்பினேன். கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

என்னிடம் இருந்தவை இரண்டே விஷயங்கள். ஒன்று, வேர்த்து வழிந்த அதிகாரி. இன்னொன்று, ஒரு சாவி. லிஃப்டுக்குள் பட்டன்களுக்குக் கீழே ஒரு சாவித் துளை இருக்கும். திருப்பிவிட்டால் வெளியே யார் எந்த மாடியில் அழுத்தினாலும் லிஃப்ட் காது கொடுக்காது. உள்ளே இருப்பவர் சொல்வதை மட்டும் கேட்கும். சாமான் ஏற்றுவதற்காக வைத்தது. எப்போதோ அண்ணன் எனக்குக் காட்டியிருக்கிறார்.

இரண்டையும் முடிச்சுப் போட்டேன். என் கதையில் வரும் அப்பாவும் லிஃப்ட் மெக்கானிக். மகள் நேர்காணலுக்கு வரும் நாளில், அவள் யாரோடும் நெருக்கியடிக்காமல் நேராகப் போகவேண்டும் என்று சாவியைத் திருப்பிவிடுகிறார். அதே நேரத்தில் வந்த பெரிய அதிகாரி பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்பது மாடியும் படியேறிப் போய், மூச்சிரைக்க நாற்காலியில் விழுகிறார். எதிரே மடிப்புக் கலையாத சட்டையில் மகள். அவருக்கு அவளைப் பார்த்ததுமே எரிச்சல். அத்தோடு சரி.

எழுதி முடித்து, என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். சில்லு சுவரை விட்டுவிட்டு வந்து நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்தாள். அதுவே எனக்குப் பெரிய பரிசு.

"அந்த அப்பாவுக்கு எதுக்கு தம்பி இவ்வளவு முந்திரிக்கொட்டைத்தனம்?" என்றார் அண்ணி.

"இல்லம்மா, அப்பா அப்படியே செய்யக்கூடிய ஆளுதான்," என்று சில்லு சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

அண்ணன் சிரிக்கவில்லை. டீ டம்ளரைத் தரையில் வைத்தார்.

"யாருடா சொன்னது உனக்கு? செக்யூரிட்டியா?"

"எதைண்ணே?"

"சாவிய."

(இந்த இடத்தில் நான் எழுதியிருந்தால் ஒரு நீளமான மௌனம் வைத்திருப்பேன். உண்மையில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை யாரும் பேசவில்லை.)

"கூட்டத்துல ஏறினா சட்டை கசங்கிடும்னு நெனச்சேன்," என்றார் அண்ணன். "மாடிக்கு மாடி நின்னு நின்னு போனா புள்ளைக்குப் படபடப்பு வரும். சாவியத் திருப்பி வெச்சிட்டு, இவ ஏறினதும் வெளிய 'வேலை நடக்கிறது' போர்டை வெச்சிட்டேன். ஒருத்தர் வந்தார், கையில பை. எவ்வளவு நேரம் ஆகும்னார். ஆகும் சார்னேன். வாட்சைப் பாத்துட்டுப் படியில ஏறிட்டார். யாருன்னு எனக்கென்னடா தெரியும்? அப்புறம் லிஃப்டைக் கீழ கொண்டுவர நானும்தான் ஒன்பது மாடி ஏறினேன்."

அப்போது சில்லுவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம் அதில் ஒரு தெளிவு வந்து போனது. இதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும். தண்ணீர் காரணமில்லை. நாற்காலி காரணமில்லை. 'தெரியாது' என்று சொன்னதும் காரணமில்லை. அவள் பக்கம் ஒரு தப்பும் இல்லை. கேட்ட காரணம் மடியிலேயே வந்து விழுந்துவிட்டது. அதை வைத்துக்கொள்ள அவள் ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

அண்ணன் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். "நான் போய் அவர் வீட்டைக் கண்டுபிடிச்சு மன்னிப்புக் கேக்கறேன். புள்ள மேல ஒண்ணுமில்ல, எல்லாம் நான் பண்ண கூத்துன்னு சொல்லிடறேன்."

"உக்காருங்கப்பா," என்றாள் சில்லு. "அவருக்கு ஒண்ணும் கோவமில்ல. அவர்தான் எனக்கு சீட்டையே காட்டினார். வெயில் அடிக்கும், திரை போட்டுக்கலாம்னு அவர்தான் சொன்னார். கோவமா இருக்கறவர் அதெல்லாம் சொல்வாரா?"*

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப ஏன்மா உனக்குக் குடுக்கலை?"

"தெரியாதுப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். அண்ணன் ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டபடி உட்கார்ந்தார். அண்ணி ஆறிப்போன டீயைச் சூடுபண்ண எடுத்துப்போனார்.

* மூன்றாம் பகுதியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சீட்டைக் காட்டியது ஒரு மேடம். கூடத்தில் இது தெரிந்த இன்னோர் ஆள் நான் மட்டும்தான். நான் வாயைத் திறக்கவில்லை. நான் மெனக்கெட்டு எழுதிய கதையை அவள் ஒரே ஒரு ஆளை மாற்றித் திருத்திவிட்டாள், என்னைவிட நன்றாக. அண்ணன் இரண்டாவது பக்கம் தாண்டமாட்டார் என்ற தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

6

சில முடிவுகள்.

(அ) அந்த அதிகாரியே போன் செய்கிறார். "உங்க அப்பா பாசத்த நெனச்சேன்மா, வந்து சேர்ந்துக்கோ." இப்படி முடித்தால் அண்ணிக்குப் பிடிக்கும். ஆனால் சில்லுவுக்கு ஏன் வேலை கிடைத்தது என்பது அப்போதும் அவளுக்குத் தெரியாமலே இருக்கும். யோசித்துப் பார்த்தால் கிடைப்பதற்கும் யாரும் காரணம் சொல்வதில்லை. நாம்தான் கேட்பதில்லை.

(ஆ) அவள் வெள்ளிக்கிழமை போகவில்லை. சட்டை கதவுக்குப் பின்னாலேயே தொங்குகி

(இதை முடிக்க என் கை வரவில்லை. இப்படியும் நடக்கிறது, எத்தனையோ வீடுகளில். தெரிந்துதான் நிறுத்துகிறேன்.)

(இ) வருடங்கள் கழித்து அவளே ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே தண்ணீர் குடிக்கத் தயங்கும் ஒரு பையனைப் பார்க்கிறாள். "முழுசாக் குடிங்க," என்கிறாள். இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. இப்போதைக்கு அவளுக்கு மேசையே இல்லை.

7

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது சில்லு அதே வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றாள். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டாள். பசை ஒட்டியிருந்த இடத்தில் சின்னதாக ஓர் அழுக்குக் கட்டம் மட்டும் தெரிந்தது. வேறு சட்டை போடச் சொல்லி அண்ணி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்மா."

அவளாகத்தான் கிளம்பினாள். என் கதை கிளப்பியது என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளமுடியாது.

"அந்த பில்டிங் லிஃப்டும் நம்ம கம்பெனிதான் பாக்குது," என்று அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார்.

அவள் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

"வேலைக்கு வேணும்மா."

"சாயந்திரம் தர்றேன்."

வளையத்திலிருந்து அதைக் கழற்ற அண்ணனுக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கூட்டத்தோட கூட்டமா ஏறிப் போறேன்பா. எல்லா மாடியிலயும் நிக்கட்டும்."

அண்ணனும் நானும் அந்த பில்டிங்கின் கீழ்க்கூடம் வரை அவளோடு போனோம். லிஃப்ட் வந்தது. எட்டுப் பத்துப் பேர் முண்டியடித்து ஏறினார்கள். கதவு மூடுவதற்குள் யாரோ ஒருவருடைய முதுகுப்பை அவள் தோளை நசுக்கியதைப் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். அவர் கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்த் துழாவிவிட்டு வெறுங்கையாக வெளியே வந்தது.

கதவுக்கு மேலே எண்கள் மாறின. இரண்டில் நின்றது.

"ஏறுறாங்க," என்றார் அண்ணன்.

மூன்றில் நின்றது. "கதவு மூட லேட்டாகுது, பாக்கணும்." நான்கில் நின்றது. ஐந்திலும் நின்றது. அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். என்னைப் பெற்றவர்கூட என் பரீட்சைக்கு இப்படி நின்றதில்லை.

ஏழு. அவள் இறங்கவேண்டிய மாடி. நின்றது.

"என்னடா ஆகும்?" என்றார் என்னைப் பார்த்து. எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்.

"தெரியாதுண்ணே."

உங்களுக்கும் அதே பதில்தான். இவ்வளவு தூரம் கூட வந்தவர்களிடம், ஜன்னலும் திரையும் வரை காட்டிவிட்டு, முடிவு இல்லை என்று சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஏன் என்று கேட்டு எழுதுங்கள். அந்த அலுவலகம் மாதிரி இருக்கமாட்டேன், பதில் போடுவேன். ஆனால் அதிலும் காரணம் இருக்காது. அவள் இப்போது ஏழாவது மாடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். முன்னால் தண்ணீர் வைத்திருப்பார்கள். எவ்வளவு குடிப்பாள் என்பதை வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் காலியாகக் கீழே வந்து கதவைத் திறந்தது. நாங்கள் இருவரும் ஏறவில்லை.