சின்னப் பல்சக்கரம்

...வண்டி ஏறாது, எப்படி ஏறும், பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றிப் போட்டவனே நான்தானே, தரையில் விட்டால் திருப்பதி பஸ்ஸை முந்தும், மரணக்கிணற்றுச் சரிவில் மட்டும் இழுவை போதாமல் மூச்சு வாங்கி நின்றுவிடும், நின்றால் அம்சா சறுக்கி இறங்குவாள், முழங்கை சிராயும், சனம் சிரிக்கும், வெட்கப்பட்டு அத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவாள்... தங்கச்சியைக் காப்பாற்ற வேறு அண்ணன்கள் அரிவாள் எடுப்பார்கள், நான் ஸ்பானர் எடுத்தேன், நம்முடைய வீரம் அவ்வளவுதான். எமர்ஜென்சி முடிந்து வந்த ஆடிக் கிருத்திகை, கூட்டம் காவடியோடு மலையைப் பார்த்து நகர்கிறது, எல்லாரும் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறார்கள், நான் மட்டும் இந்தப் பலகைக் கிணற்றுக்கு வெளியே, பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, உள்ளே பார்க்காமல். மாட்டேன். போன ஆடியில் இதே இடத்தில் நின்று பார்க்காமலே கேட்டது போதும். துளசிங்கம், அம்சாவின் புருஷன், அம்மையார்குப்பத்துத் தறியிலிருந்து எழுந்து வந்து சுவரில் வண்டி ஓட்டினவன், பாதிச் சுவரில் கால் பட்டுக் கியர் நியூட்ரலில் விழுந்தது, எஞ்சின் அலறியது, அந்த அலறல் சக்கரத்துக்கு மட்டும் எட்டவில்லை. அப்புறம் ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. அன்றிலிருந்து என் ஷெட்டில் எவனாவது நியூட்ரலில் முறுக்கினால் நான் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறேன், ஒரு நாளைக்கு எத்தனை டீதான் குடிப்பது, சத்தத்துக்குப் பயந்த மெக்கானிக் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

துளசிங்கத்தின் வண்டியைத்தான் போன வாரம் அம்சா தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். "ண்ணா, எந்தக் காலு பட்டாலும் நியூட்ரல்ல விழக்கூடாது. ரெண்டாவது கியர்லயே பூட்டிடு." பயத்திலும் எனக்கு நக்கல் மட்டும் வரும். "வூட்ல தறி கீதே, அத்த ஓட்டேன்." "தறி எங்க போவுது? நின்ன எடத்துலயே ஆடிகினு கீது." "கெணறு மட்டும் எங்க போவுதாம், காஞ்சிபுரத்துக்கா? அதுவும் சுத்திகினுதானே கீது." சிரித்தாள்... துளசிங்கம் போனதற்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதைப் பார்த்த பிறகும் எப்படிக் கை வந்தது எனக்கு? கியரை நேர்மையாகப் பூட்டினேன், பெட்டிக்குள் மற்ற பற்களை எடுத்துவிட்டு, எமனே வந்து உதைத்தாலும் இடம் மாறாதபடி. பல்சக்கரத்தில்தான் என் திருட்டு. பழசு தேய்ந்துபோச்சு என்று அவளிடம் சொல்லிவிட்டு, புதுசு சின்னது என்று தெரியாமல் இருக்கப் பழைய கிரீஸை வேறு அள்ளிப் பூசினேன். அவளுக்கு என்ன தெரியும், துளசிங்கம் இருந்தபோது பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து கூடவே சுற்றினவள்தானே, சுற்றத் தெரியும், கழற்றத் தெரியுமா... மேலே மைக்கில் சடகோபன், கிணற்றுக்கு முதலாளி, "செத்தவன் பொண்டாட்டி ஓட்றா, வாங்க வாங்க, ரண்டி ரண்டி!" பாவி, அதையும் தமிழ், தெலுங்கு என்று இரண்டு பாஷையில்.

ஏறாது, சரி. ஆனால் ஏறாமலே போகுமா? சரிவில் நிற்காமல், வேகத்தின் தயவில் பாதிச் சுவர் வரை ஏறி, அங்கே போய் மூச்சு நின்றால்? அடப்பாவி, மெக்கானிக் கோதண்டபாணி, அது நியூட்ரலில் விழுந்ததற்கு என்ன குறைச்சல், அவன் விழுந்த அதே பாதிச் சுவர்... இதை இப்போதா யோசிப்பாய்? பலகைக் கதவைத் தட்டுகிறேன், உள்ளே தாழ் போட்டாயிற்று, காவடிக்காரர்களின் பம்பை மேளச் சத்தத்தில் என் கை எனக்கே கேட்கவில்லை, "அண்ணாத்தே, நிறுத்து, வண்டி சரியில்ல!" என்று மேலே பார்த்துக் கத்துகிறேன், சடகோபன் எட்டிப் பார்த்து, "யோவ் மெக்கானிக்கு, மேல வந்து பாருய்யா, ஒனக்கு டிக்கெட்டு கெடயாது" என்கிறான், உள்ளே எஞ்சின் கிளம்பிவிட்டது, சரிவில் ஒரு சுற்று, இன்னொன்று, முதுகில் பலகை அதிர்கிறது, இப்போது திணற வேண்டும், இதோ, இப்போது... திணறவில்லை. சத்தம் லேசாக, அவசரமாக, மேலே மேலே. தோளுக்குப் பின்னால் கடந்து, தலைக்குப் பின்னால் கடந்து. இது நான் போட்டது இல்லை. என் பல்சக்கரம் இப்படிக் கீச்சுக் குரலில் பாடாது. இது துளசிங்கத்தின் பழைய சக்கரம், கழற்றினதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாளே, "அவரு கை பட்டதுண்ணா, சாமி படத்தாண்ட வெச்சிக்கிறேன்" என்று... மச்சான், மச்சான் என்று பலகைக்கு அந்தப்பக்கம் அவனே சிரித்துக்கொண்டு சுற்றுகிற மாதிரி இருந்தது, நான் காதைப் பொத்தினேன், பொத்தினாலும் முதுகு கேட்டது.

கதவு திறந்தது. வேர்த்துப் போய் நின்றாள், நகக்கண்ணில் கறுப்பு, மணிக்கட்டு வரை கிரீஸ்.

"எப்பிடிண்ணா இழுத்துச்சி?"

"நல்லா இழுத்துச்சி."

"ஆங். நீ ரிப்பேர் பண்ணதாச்சே."

சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். நான் மாற்றிப் போடுவேன் என்று முன்னாலேயே தெரிந்திருக்கிறது, தெரிந்தும் ஏன் என்னிடம் கொண்டு வந்தாள்? கியருக்காகவா, அதை அவளே பூட்டியிருப்பாளே... இல்லை, போகாதே என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும் என்றா, அதை நான் வாயால் சொல்லாமல் இரும்பால் சொன்னேனா? அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்தார்கள். பூட்டின கியர், உதைத்தால் கிளம்பாது, யாராவது தள்ளித்தான் கிளப்ப வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகி ஏறி உட்கார்ந்தாள்.

"பொறத்தால புடி. தள்ளுண்ணா."

கிணற்றுக்குள் இருந்தேன். தலைக்கு மேல் வட்டமாக வானம், வட்டமாக முகங்கள். என் இரண்டு கையும் சீட்டின் பின்னால் இருந்தன, எப்போது கொண்டுபோய் வைத்தேன் என்று தெரியவில்லை, வண்டி ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது.