நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி

"போக நாப்பத்தாறு, வர நாப்பத்தாறு. மொத்தம் தொண்ணூத்தி ரெண்டு. இதுக்கு என்ன சொல்ற?"

கணவன் வண்டியின் மாதப் பட்டியலை மேசைமேல் விரித்து, ஒரு வரியில் விரலை ஊன்றிக்கொண்டு கேட்டான். காலை ஏழு மணி. அவள் வேலைக்குக் கிளம்பி நர்ஸ் உடுப்பின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

"அப்பாவைப் பாக்கப் போனேன்."

"அதுதான் தெரியுதே. எங்கிட்ட ஏன் சொல்லலன்னு கேக்கறேன்."

"சொன்னா போக விட்டிருப்பீங்களா?"

அவன் விரலை எடுக்கவில்லை.

வண்டிக்கு வருடத்துக்கு ஒரு வரி என்றிருந்தது போய், ஓடிய தூரத்துக்கு வரி என்று வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எங்கேயிருந்து எங்கே போனது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, மாதம் முடிந்ததும் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்குப் பட்டியல் அனுப்பிவிடும். வண்டி கணவன் பேரில் இருந்தது. அந்தப் பெட்டிக்கு அவள் தனக்குள் நாத்தனார் என்று பெயர் வைத்திருந்தாள். கூடவே வரும், வாயே திறக்காது, வீட்டுக்குப் போனதும் ஒன்று விடாமல் ஒப்பித்துவிடும். இந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. நிஜமாகவே ஒரு நாத்தனார் இருந்தாள்.

நிறைய ஓட்டுகிறவர்கள் நிறையக் கட்டட்டுமே என்றார்கள் சட்டம் போட்டவர்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நகரத்தின் நடுவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு எல்லாமே கூப்பிடு தூரம். வாடகைக்குப் பயந்து ஊருக்கு வெளியே ஒதுங்கியவர்களுக்கு வேலை ஒரு மூலையில், ஆஸ்பத்திரி ஒரு மூலையில், பெற்றவர்கள் ஒரு மூலையில். அவள் குடியிருந்த தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வண்டிகள் வரிசையாக உறங்கின. எதிர் வீட்டுத் தையல்காரி தன் தங்கை குழந்தையை இன்னும் நேரில் பார்க்கவில்லை; குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது. யார் வீட்டுக்குப் போகலாம், யாரைப் போனில் விசாரித்தால் போதும் என்று ஜனங்கள் உறவுகளைத் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தரத்தைச் சட்டம் சொல்லிக்கொடுக்கவில்லை. அது முன்னமே வீடுகளுக்குள் இருந்தது.

இந்த வீட்டில் அது எழுத்து வடிவிலேயே இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கணவன் ஒரு தாளை ஒட்டியிருந்தான். நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் 'கட்டாயம்', மறுபக்கம் 'மற்றது'. கடைக்குப் போவது கட்டாயம். ஞாயிறுதோறும் மாமியாரை அவளுடைய மகள் வீட்டுக்குக் கூட்டிப்போவதும் கட்டாயம். மற்றதில் சினிமா, கடற்கரை, அப்புறம் அவளுடைய அப்பா.

அவன் கொடுமைக்காரன் அல்ல. டயர் கிடங்கில் வேலை. வண்டியை மிச்சம் பிடிக்க ஆறு மாதமாகச் சைக்கிளில்தான் போகிறான். முட்டி வலிக்கிறது என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தக் கோட்டை அவன் யோசித்துப் போடவே இல்லை. கை தானாகப் போட்டுவிட்டது. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"மாசத்துக்கு ஒரு தடவை போ. நான் என்ன வேணாம்னா சொல்றேன்? அவர் அவ்வளவு தூரத்துல இருந்தா நான் என்ன பண்ணட்டும்?"

"கால்ல புண்ணு இருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது சுத்தம் பண்ணிக் கட்டணும். இல்லன்னா விரலை எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. விரலோட நிக்குமான்னும் தெரியல."

"போன்ல பேசறப்ப நல்லாத்தானே பேசறாரு" என்றாள் மாமியார்.

"அத்தை, நீங்க வாராவாரம் உங்க பொண்ணைப் பாக்கப் போறீங்க."

"அது என் பொண்ணுடி."

"நானும் ஒருத்தருக்குப் பொண்ணுதான்."

மாமியார் டம்ளரை மேசையில் வைத்தாள். "காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா" என்று கணவன் எழுந்து சைக்கிள் சாவியைத் தேடப் போய்விட்டான். பேச்சு அதோடு முடிந்தது. அந்த வீட்டில் பேச்சுகள் எப்போதும் அவன் எழுந்து போகிற இடத்தில்தான் முடியும்.

அப்பாவை இங்கேயே அழைத்துவந்துவிடலாமா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்திருக்கிறாள். பெண் வீட்டில் வந்து உட்கார்ந்தால் அவருக்கே கௌரவமாக இருக்காது என்று மாமியார் சொன்னாள். அவருடைய கௌரவத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. பஸ்ஸிலும் இரண்டு ஞாயிறு போய்ப் பார்த்தாள். மூன்று பஸ் மாறி, போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அந்த இரண்டு ஞாயிறும் மாமியாருக்குத் தலைவலி வந்தது. அடுத்த நாலு நாள் வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை.

அவளுடைய வேலை மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது. ஹோம் நர்சிங் கம்பெனி ஒன்று காலையில் பட்டியல் அனுப்பும். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. அந்த ஓட்டத்துக்கான வரியைக் கம்பெனி கட்டிவிடும். முன்பின் தெரியாதவர்கள் காலுக்காக அவள் எத்தனை கிலோமீட்டர் வேண்டுமானாலும் ஓடலாம், வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

அன்றைக்கு மூன்றாவது வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு வங்கி மேலாளர். அப்பா வயதுதான். கணுக்காலில் ஆறாத புண். அவள் பழைய கட்டை நனைத்து நனைத்து, தோல் பிய்ந்துவராமல் பிரித்து, சுத்தம் செய்து, மருந்துத் துணி வைத்துக் கட்டினாள்.

"உங்க கை பட்டா வலியே தெரியல சிஸ்டர். உங்கப்பா குடுத்து வச்சவரு" என்றார் அவர்.

வழக்கமான சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு வண்டிக்கு வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதாள். நன்றாகத் தேம்பி, மூக்கு ஒழுக அழுதாள். பதினொன்றரைக்கு அடுத்த வீடு. நாலு நிமிடம்தான் அழ முடிந்தது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவை வீடியோவில் கூப்பிட்டாள். அவர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் இயக்கியவர். இப்போது இருப்பதும் லிஃப்டை ஒட்டிய மூன்றாவது மாடி அறை. சத்தத்தை வைத்தே எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். மூன்றில் நின்றால் மட்டும் கதவைத் திரும்பிப் பார்ப்பார். கீழ் வீட்டுக்காரர் முன்பெல்லாம் தன் வண்டியில் அவரைக் கட்டுப் போடும் இடத்தில் இறக்கிவிடுவார். சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி, வரி வந்த இரண்டாம் மாதம் அதை நிறுத்திவிட்டார். தப்பாக எடுத்துக்கொள்ள அப்பாவுக்கும் தெரியவில்லை.

"எப்படிப்பா இருக்கு? காலைக் காட்டுங்க."

"எல்லாம் ஆறிடுச்சும்மா. நீ சாப்பிட்டியா?"

"காட்டுங்கன்னு சொன்னேன்."

திரையில் மேற்கூரை வந்தது, நாற்காலிக் கால் வந்தது, கடைசியாக ஒரு பாதம் வந்தது.

"பாத்தியா? பச்சக் குழந்தை கால் மாதிரி இருக்கு."

அவள் பார்த்தாள்.

"அப்பா, இது வலது கால்."

திரையில் மறுபடி மேற்கூரை வந்தது.

"போன்ல எல்லாம் இடம் மாறித்தாம்மா தெரியும்."

"கட்டுப் போட்ட கால் எதுன்னு எனக்குத் தெரியாதாப்பா? இன்னொண்ணைக் காட்டுங்க."

காட்டினார். கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார். சாம்பல் நிறத்தில் நனைந்திருந்தது. சுற்றிலும் தோல் ஊறி வெளுத்திருந்தது, ஓரத்தில் சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

"ஏம்பா இப்படிப் பண்றீங்க?"

"நீ வந்துட்டுப் போனா அங்க உனக்குப் பேச்சு விழும். எனக்கென்ன, நான் எங்க ஓடப் போறேன்? முப்பத்தோரு வருஷம் மேலயும் கீழயும் போனவன், ஒரு கிலோமீட்டர் நகரல பாரு. எனக்கு வரியே கிடையாது."

அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. டப்பாவை மூடிவிட்டு, அங்கிருந்தே நேராகக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள்.

மேற்பார்வை செய்யும் அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "மேற்கு வட்டமா? அங்க போக யாருமே ஒத்துக்கல. நீயே கேக்கறியா?"

"ஆமா மேடம். அங்க கட்டுப் போட ஆள் இல்லாம ஒரு பெரியவர் இருக்காரு. தனி ஆளு. ஓய்வூதியக்காரங்க திட்டத்துல சேத்துக்கலாம்."

"பாத்துக்க வீட்டுல ஆள் இல்லாதவங்களுக்குத்தான் அந்தத் திட்டம். நான் நேர்ல வந்து விசாரிக்கணும். அப்புறம், உனக்குச் சொந்தக்காரரா இருக்கக் கூடாது. விதி தெரியுமில்ல?"

தெரியும். சொந்தக்காரர்களுக்குக் கட்டுப் போடப் போகும் நர்ஸ் அங்கேயே படுத்துத் தூங்கிவிடுவாள் என்று கம்பெனிக்கு ஒரு நம்பிக்கை. படிவத்தில் பதினோராவது கேள்வி அதுதான்: 'நோயாளிக்கும் செவிலியருக்கும் உள்ள உறவு.' அவள் பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அப்பா இப்படித்தான் ஒரு மேசை முன்னால் நின்று அவளைத் தன் மகள் என்று எழுதிக் கொடுத்திருப்பார். 'இல்லை' என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

பொய் தெரியவந்தால் வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது, வண்டிச் சாவியும் கையை விட்டுப் போய்விடும். அப்புறம் மற்றது என்ற பக்கத்தில்கூட அப்பாவுக்கு இடம் இருக்காது. இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் படிவத்தைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் கணவனிடம், "மேற்கு வட்டத்துக்கு மாத்திட்டாங்க, வாரத்துக்கு மூணு நாள்" என்று சொன்னாள். "வரி?" என்று கேட்டான். "கம்பெனி கட்டும்" என்றாள். "அப்ப சரி" என்றான். சைக்கிள் ஓட்டிய அலுப்பில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அப்பா வீடும் மேற்கில்தான் இருக்கிறது என்பது அவன் நினைவுக்கு வரவில்லை. வந்து, பேசாமல் இருந்துவிட்டானோ என்னவோ.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேற்பார்வை அம்மாவும் அவளும் மூன்றாவது மாடியில் இறங்கினார்கள். கதவு திறந்தே இருந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டு, தலையை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேடம். வாங்க சிஸ்டர்" என்றார்.

போனில் அவள் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றைத்தான். மற்றதை அவராகவே செய்திருந்தார். சுவரில் அவளுடைய கல்யாணப் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. சுற்றிலும் அழுக்கேறிய சுண்ணாம்பில் ஒரு சதுரம் புதிதாகப் பளிச்சென்று தெரிந்தது. அவளுடைய சின்ன வயதுப் படங்களும் இல்லை. அவள் வாங்கிக் கொடுத்த போர்வையைக்கூட எங்கோ மடித்து ஒளித்துவிட்டார். ஒரு மகள் இருந்ததற்கான தடயம் அந்த அறையில் எங்கேயும் இல்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார்.

அவள் தரையில் உட்கார்ந்து இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கைக்குட்டையை நனைத்தாள். மெதுவாகப் பிரித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"வலிக்குதா ஐயா?" என்று கேட்டாள். அப்பாவை ஐயா என்று கூப்பிட நாக்கு மறுத்தது. தண்ணீர் விழுங்குவதுபோல் அதை விழுங்கிவிட்டுத்தான் கேட்டாள்.

"இல்ல சிஸ்டர்."

மேற்பார்வை அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தார். வயது, சர்க்கரை எத்தனை வருடமாக, மனைவி இருக்கிறாரா. இறந்து பன்னிரண்டு வருடம். தம்பி, அண்ணன்? யாரும் இல்லை.

"பிள்ளைங்க?"

அவள் கை நின்றது. இதை அவள் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டாள். படத்தைக் கழற்றிவைக்கத் தெரிந்த மனுஷருக்குப் பொய் சொல்ல வராது. கடைக்காரன் மீதியைக் கூட்டிக் கொடுத்தால் அதைத் திருப்பிக் கொடுக்க மூன்று மாடி இறங்கிப் போகிறவர். காலை மடியில் பிடித்தபடி, நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல் அவள் காத்திருந்தாள்.

"ஒரு பொண்ணு இருக்கா மேடம்" என்றார் அப்பா.

அந்த அம்மாவின் பேனா நின்றது. "பொண்ணு இருக்காங்களா? அப்ப..."

"கட்டிக் குடுத்தாச்சு."

"ஓ" என்றார் அந்த அம்மா. "சரி சரி."

அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. எங்கே இருக்கிறாள், எவ்வளவு தூரம், வருவாளா, வரவிடுவார்களா, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வரி எழுதிவிட்டு, பதிவேட்டை அவள் பக்கம் நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. விசாரிச்சப்ப நீயும் கூட இருந்தேன்னு."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிப் படித்தாள். 'மகள் ஒருவர். திருமணமானவர். கவனித்துக்கொள்ள யாரும் இல்லை.'

இன்னொரு முறை படித்தாள். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள்.