ஒலிநாடாவின் இரண்டாம் பக்கம்

போனில் அந்தப் பெண் கேட்டவுடன், "இருக்குது, சனிக்கிழமை வா" என்று எழிலரசி சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது.

கேட்டவள் அனுப்பிரியா. கடலூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சொந்த ஊர் கிள்ளைக்குப் பக்கம். அவளுடைய அம்மா சவரியம்மாள் நடவுக்கும் அறுப்புக்கும் கூலி வேலை செய்தவள். வேலை இல்லாத நாட்களில் கூடையில் மீன் சுமந்து விற்பாள். மூன்று வருடத்துக்கு முன்பு, கிறிஸ்துமசுக்கு மறுநாள் காலை, மீன் எடுக்கக் கரைக்குப் போனவளைக் கடல் கொண்டுபோய்விட்டது.

"ரேஷன் கார்டு போட்டோவப் பெருசு பண்ணி மாட்டியிருக்கோம்க்கா. மூஞ்சி இருக்குது. கொரலு மறந்துகினே வருது. நீங்க அம்மா பேசுனத டேப்புல புடிச்சீங்கன்னு ஊர்ல சொன்னாங்க. ஒரே ஒரு வாட்டி கேட்டுட்டாப் போதும்."

சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று ஒதுக்கிய அறையில், எழிலரசியின் இரும்பு அலமாரியில் அந்த நாடா இருந்தது. அதை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவளுக்கு மனப்பாடம்.

அவளுடைய ஆராய்ச்சி, நடுநாட்டுப் பேச்சில் பணிவு எப்படி வந்தது, எப்படி மாறியது என்பது. அதற்காகக் கடலூரில் பழைய வழக்குக் கட்டுகளை மாதக்கணக்கில் புரட்டியிருந்தாள். எண்பது வருடத்துக்கு முன்பு கூண்டில் நின்ற கூலிப் பெண்கள் எல்லாரும் அந்தக் காகிதங்களில் ஒரே மாதிரி பேசினார்கள். 'எனக்கு ஒன்றும் தெரியாது, எஜமான் சொன்னபடி நடந்தேன்.' ஒவ்வொரு வாக்குமூலத்தின் கீழும் எழுத்தரின் வரி: 'வாசித்துக் காட்டியதில் சரியென்று ஒப்புக்கொண்டாள்.' அதற்குப் பக்கத்தில் ஒரு கைநாட்டு. எழிலரசி கோபத்தோடு ஓர் அத்தியாயமே எழுதினாள். 'இந்தப் பெண்கள் வீட்டில் என்ன பேசினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பது எந்தக் கட்டிலும் இல்லை. எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை.' அவளுடைய நெறியாளர் தேவநாதன் அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதியிருந்தார்.

சவரியம்மாளை அவள் பதிவு செய்தது 2004 ஆடியில், ஒரு வயல் வரப்பில். முதல் பக்கம் முழுக்கச் சவரியம்மாள் தன் போக்கில் பேசித் தீர்த்தாள். நாடாவைத் திருப்பிப் போட்ட நேரத்தில் நிலத்துக்காரர் ராமாமிர்தம் வந்து நின்றார். அவருக்கு அவள் சொன்ன பதில்தான் இரண்டாம் பக்கத்தில் இருப்பது.

உதவித்தொகை வராத காலம். புது நாடா வாங்க முடியாதபோது, கேட்டு எழுதி முடித்த நாடாவின் மேலேயே அடுத்தவர் பேச்சைப் பதிவது அந்த அறையில் எல்லாருக்கும் வழக்கம். அழியக் கூடாதது என்று தோன்றினால், அந்தப் பக்கத்துக்குரிய சின்ன பிளாஸ்டிக் பல்லை நாடாவின் முதுகில் உடைத்துவிடுவார்கள். உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. எழிலரசி இரண்டாம் பக்கத்துப் பல்லை மட்டும் உடைத்தாள். அதிகாரத்தின் முன்னால் ஒரு குரல் சுருங்குவதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று அன்றைக்குத் தோன்றியது. முதல் பக்கத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அதன் மேல் கம்மாபுரத்து மளிகைக்காரர் ஒருவரின் பேச்சைப் பதிந்தாள். அது நவம்பர் மாதம். அடுத்த மாதம் கடல் வந்தது.

அதற்குப் பிறகு அந்த இரண்டாம் பக்கத்தை நூறு தடவையாவது ஓட்டிக் கேட்டிருப்பாள். கேட்கக் கேட்க அது நாடாவை விட்டு இறங்கி அவளுடன் நடமாடத் தொடங்கியது. குழாயடியில், பேருந்தில், கண் அயரும் நேரத்தில், 'ஒண்ணுமில்லீங்க' என்று காதுக்குள் யாரோ சொல்வார்கள். ஒருநாள் தேவநாதன் வாசலில் நின்று, "என்னம்மா, முடிஞ்சுதா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். "முடிச்சிட்றேங்க சார்" என்று எழுந்து நின்றாள். தொண்டையிலிருந்து வந்தது அவள் குரல் இல்லை. மெலிந்து, உயர்ந்து, நுனியில் நடுங்கிய அந்த இன்னொரு குரல்.

சனிக்கிழமை மத்தியானம் அனுப்பிரியா வந்தாள். கடலூரிலிருந்து நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னாள். கையில் ஒரு கேக் டப்பா.

"பஸ்ஸுல ஜாஸ்தி கூட்டங்க்கா. நசுங்கிப் போச்சி. ருசி நசுங்கியிருக்காது, சாப்புடுங்க."

அவள் சிரித்தபோது எழிலரசியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் கை நாடாவைப் போட்டு விசையை அழுத்தியது.

இரைச்சல். காற்று. ஓர் ஆணின் குரல்: "யார்றி அது? வேலய உட்டுட்டு இன்னா பேச்சு?"

"ஒண்ணுமில்லீங்க... காலேஜ்லேருந்து பொண்ணுங்க... சும்மா கேக்குதுங்க. நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க."

"வரப்புல ஏறுனா நாக்கு நீளுது ஒனக்கு."

"ஆமாங்க... தப்புங்க... ஆவட்டுங்க."

அனுப்பிரியா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு பணிவாக, "இது யாருக்கா?" என்றாள்.

"உங்கம்மா."

"இல்லக்கா. வேற யாரோ. மாத்திப் போட்டுட்டீங்க."

எழிலரசி மறுபடி ஓட்டினாள். அனுப்பிரியாவின் கண்கள் சுருங்கின. 'ஆவட்டுங்க' என்ற இடத்தில் ஏதோ ஒன்று அவளைத் தொட்டிருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்துங்கக்கா. எங்கம்மா இப்பிடிப் பேசாது. தெருமுனையில பேசுனா வூட்டுல தட்டு அதிரும்." எழிலரசி நிறுத்தியதும் நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "அதுக்கு முன்னாடி பேசுனது எங்க?" என்றாள்.

எழிலரசி சொன்னாள். காரணங்களைச் சொல்லாமல், இந்தப் பக்கத்துப் பல்லை உடைத்துக் காப்பாற்றினேன், அந்தப் பக்கத்தை அழித்தேன் என்று மட்டும். சொல்லி முடிக்கும்வரை அனுப்பிரியா நாடாவின் முதுகிலிருந்த அந்தச் சின்னப் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதக் காப்பாத்தணும்னு தோணுச்சு. அதத் தோணல. இல்லியாக்கா?"

"ஆமா."

"ஏங்க்கா, நீங்களும் கூலிக்காரங்க வூட்டுப் பொண்ணு, நம்ம ஆளுதானேக்கா?"

எழிலரசி அலமாரியைத் திறந்தாள். முதல் பக்கத்தைக் கேட்டு எழுதி வைத்திருந்த ஆறு தாள்களை எடுத்தாள். "அப்ப நீங்களே படிங்க" என்றாள் அனுப்பிரியா.

எழிலரசி படித்தாள். வகுப்பறையில் கட்டுரை வாசிக்கும் குரல்தான் வந்தது. அனுப்பிரியா கையமர்த்தினாள்.

"டிவியில செய்தி வாசிக்கிற மாதிரி படிக்காதீங்க. எங்கம்மா வரப்புல நின்னுகினு பேசுது."

சொந்த ஊரான கம்மாபுரத்தில், நிலக்கரிப் புழுதி படிந்த தெருவில், தான் பேசிய பேச்சை எழிலரசி எப்போதோ துடைத்துவிட்டிருந்தாள். தேடி எடுத்தாள். முதலில் கூச்சமாக இருந்தது, அப்புறம் வந்தது.

"'நான் ஏன்டி கூவி விக்கணும்? கூடைய எறக்குனா நெத்திலி வாசனையே நாலு தெரு கூவும். அந்த வெள்ளச்சட்ட வராரு பாரு, மொதல்ல வவுறு வரும், பின்னாடிதான் ஆளு வரும். (சிரிப்பு) எம்மவ நர்சு ஆவட்டும். மொத ஊசி அந்த ஆளுக்குத்தான். எங்க போடுவான்னு கேளு. (சிரிப்பு)'"

அனுப்பிரியா தாளை எட்டிப் பார்த்தாள். "வளைவுக்குள்ள இன்னா எழுதியிருக்கீங்க?"

"சிரிப்புன்னு."

"எப்பிடிச் சிரிச்சுது?"

எழிலரசி கண்ணை மூடினாள். வரப்பு வந்தது, வெயில் வந்தது, சேற்றின் ஈரம் வந்தது. எல்லாம் வந்து கடைசியில், மெலிந்த அந்த 'ஒண்ணுமில்லீங்க' வந்து உட்கார்ந்துகொண்டது.

"தெரியல."

அனுப்பிரியா தாள்களை மடித்துப் பையில் வைத்தாள். நாடாவை மேசையில் எழிலரசியின் பக்கம் தள்ளினாள்.

"இது எனக்கு வாணாம்க்கா. இது நீங்க புடிச்ச கொரலு. நீங்களே வெச்சிக்கிங்க."

அவள் போன பிறகு கேக் டப்பா மேசையிலேயே இருந்தது. எழிலரசி தன் அத்தியாயத்தை எடுத்தாள். 'எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை' என்ற வரிக்குக் கீழே, தேவநாதனின் சிவப்பு மைக்குப் பக்கத்தில், எழுதத் தொடங்கினாள். சவரியம்மாள், முதல் பக்கம். அழித்தவர் எழிலரசி. மகளுக்கு வாசித்துக் காட்டப்பட்டது.

கடலூர் எழுத்தர்கள் இதற்கு அடுத்து எழுதும் 'சரியென்று ஒப்புக்கொண்டாள்' என்ற வார்த்தைகளை அவள் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு, வாசலில் தேவநாதனின் காலடிச் சத்தம் கேட்டு, தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.