நூற்றைம்பது பேருக்குக் காய்ச்சல் வர வேண்டும்

1

இந்தக் கதை ஒரு வெட்கத்திலிருந்து வந்தது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் என் பக்கத்து வீட்டு நர்ஸ் ஜசிரா ஒருநாள் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் பேருக்குச் சீக்கிரம் காய்ச்சல் வரட்டும்னு வேண்டிக்கிட்டேன். என்னை என்னன்னு சொல்ல?"

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஒரு தடுப்பூசி உருவாகப் பத்தாண்டுகள் ஆகும், பெருந்தொற்றின்போது பத்தே மாதங்களில்...' கட்டுரை வாடை அடித்தது. விட்டுவிட்டேன்.

2

ஜசிரா தடுப்பூசிச் சோதனை மையத்தில் ஊசி போடுபவள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது. மொத்தம் நூற்றைம்பது பேருக்கு நோய் கண்ட பிறகுதான், யாருக்கு எது என்று எழுதி மூடி வைத்த உறையைப் பிரித்து, எந்தப் பக்கம் நோய் குறைவு என்று பார்ப்பார்கள். (ஆக, ஊசி சீக்கிரம் வர வேண்டுமானால் நோயும் சீக்கிரம் வர வேண்டும். இந்த வாக்கியத்தை மென்மையாக்கப் பார்த்தேன். முடியவில்லை.)

வெளியே, நாடு முழுக்க, நாளொன்றுக்கு ஆயிரம் பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். மையத்தில் எண்ணிக்கை நூற்று நாற்பதுகளில் ஊர்ந்தது.

3

பஸ் டிரைவர் ஜெனிவால் தன்னார்வலராக வந்த அன்று கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "தண்ணியா, மருந்தா, தங்கச்சி?"

"எனக்கே தெரியாதுண்ணே."

"நல்ல ஆளு போ! எங்க போகுதுன்னு தெரியாம நான் பஸ் ஓட்டினா நீ ஏறுவியா?"

அவரைக் கொஞ்சம் எரிச்சலூட்டும் மனிதராக எழுதலாமா என்று யோசித்தேன். அப்போது வாசகருக்கு அவர் போனாலும் அவ்வளவாக... இல்லை. அவர் நல்லவர்தான்.

4

நவம்பரில் அவரே போன் செய்தார். வார்த்தைக்கு வார்த்தை இருமல்.

"சோளப்புட்டு மண்ணு மாதிரி இருக்கு தங்கச்சி. என் வீட்டுக்காரி மர்லூசியாவை ஏசிப்புட்டேன், பாவம். பார்த்தா அவ சமையல் நல்லாத்தான் இருக்கு, என் நாக்குதான் செத்துப்போச்சு."

"உடனே கிளம்பி வாங்கண்ணே."

"வரேன், வரேன். நான் எத்தனாவது ஆளு?"

ஜசிரா பட்டியலைப் பார்த்தாள். பரிசோதனையில் உறுதியானால் நூற்றைம்பதாவது. போனை வைத்ததும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான்.

5

உறுதியானது. உறையைப் பிரித்தார்கள். ஊசி வேலை செய்தது. மையமே எழுந்து நின்று கைதட்டியது. ஜெனிவாலுக்குப் போட்டது உப்புநீர்.

உப்புநீர் பெற்றவர்களையெல்லாம் மருந்துக்குக் கூப்பிடச் சொல்லி ஜசிராவிடம் பட்டியல் தந்தார்கள். படுக்கை கிடைக்காமல் ஜெனிவாலை வேறு ஊருக்குக் கொண்டுபோனது வரைதான் அவளுக்குத் தெரியும். அவர் வீட்டு எண்ணை அழுத்தினாள்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவரே எடுத்து, "இப்பவாவது மருந்தா?" என்கிறார். இன்னொன்றில் மர்லூசியா எடுக்கிறாள். முதலாவதை நம்ப முடியவில்லை. இரண்டாவதை எழுதக் கை வரவில்லை.

நிஜத்தில் யார் எடுத்தது என்று ஜசிராவிடம் கேட்டேன். "நீ ஊசி போட்டுக்கிட்டியா?" என்றாள், அவ்வளவுதான்.

போட்டுக்கொண்டேன். நீங்களும் போட்டிருப்பீர்கள். அந்த வீட்டில் போன் மணி அடித்துக்கொண்டிருக்கிறது, யார் எடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.