மூன்று வரிக்கு எட்டு வரி

ஞாயிறு பள்ளியில் பத்தொன்பது வருடம் கதை சொன்னவளுக்கு, வெளிநாடு வந்து இப்படி வாய் கட்டிப்போகும் என்று யார் நினைத்தார்கள்? சபையில் அவளுக்குப் பெயரே கதை டீச்சர். அவள் கதை சொன்னால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும் என்று பாஸ்டரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமையோடுதான் ஒன்பது பேர் குழுவில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்து, கடல் தாண்டி இந்தப் பிள்ளைகள் இல்லத்துக்கு ஊழியம் செய்ய வந்தாள். பெட்டியில் பாதி துணிமணி, பாதி கதைப் படங்கள். மூன்று மாதம் உட்கார்ந்து அவளே வெட்டி ஒட்டியவை.

ஆனால் இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. அங்கேதான் வந்தது வினை. குழுவில் அவர்கள் மொழி தெரிந்த ஒரே ஆள் டீச்சரின் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் இதே நாட்டில் ஆறு வருடம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தபோது காதில் விழுந்து கற்றுக்கொண்டது. சபையில் கடைசி பெஞ்சில் உட்காருவாள். ஜெபம் பண்ணச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். வீட்டிலும் சின்னவள் என்றால் சின்னவள்தான். பெரியவள் அடுப்பைப் பார்த்தால் இவள் பாத்திரம் தேய்ப்பாள். வந்த இடத்திலும் அப்படியே, தான் கதை சொல்ல அவள் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பாள், அவ்வளவுதான் என்று டீச்சர் நம்பினாள்.

முதல் நாளே எல்லாம் தலைகீழானது. டீச்சர் கையை விரித்தாள், கண்ணை உருட்டினாள், சிங்கம்போல உறுமிக்கூடக் காட்டினாள். கூடத்தின் தரையில் உட்கார்ந்திருந்த இருபத்தேழு பிள்ளைகளும் சின்னவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பேசும்போது சட்டைப் பொத்தானைத் திருகுவார்கள். சின்னவள் வாயைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். டீச்சர் சிரிப்பே வைக்காத இடத்திலும் சிரித்தார்கள். கதை முடிந்ததும் சின்னவள் மடியில் இடம்பிடிக்க அடிதடி. டீச்சர் தன் படங்களைப் பொறுக்கி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். ஒரே ஒரு தடவை, அந்த முகங்கள் தன் பக்கம் திரும்பினால் போதும் என்று இருந்தது.

இரண்டாம் நாள் குழு கூடியபோது பாஸ்டர் சின்னவளைக் காட்டி, இந்தச் சிஸ்டர் வராவிட்டால் நாம் எல்லோரும் ஊமைகள்தான் என்றார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். டீச்சரும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். முழங்காலில் நின்று ஜெபம் பண்ணும்போதும் வயிறு எரிந்தது. அது பொறாமைதான் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் அணைந்துவிடுமா?

மூன்றாம் நாள் அவள் கவனிக்க ஆரம்பித்தாள். தான் மூன்று வரி சொன்னால் சின்னவள் எட்டு வரி பேசுகிறாள். மீதி ஐந்து வரி எங்கிருந்து வந்தது? தன் கதைக்கு உப்பும் காரமும் சேர்த்து, தன் கதையாக ஆக்கிக்கொள்கிறாள் என்று டீச்சருக்கு நிச்சயமாகிவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தாள். நாளைக்குக் காணாமல்போன ஆட்டுக்குட்டியின் கதை. முடிவை மாற்றி, குட்டி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டியது. அதற்கும் பிள்ளைகள் சிரித்தால், சின்னவள் சொல்வது வேறு கதை என்று குட்டு உடைந்துவிடும். நேரே பாஸ்டரிடம் போய்விடலாம்.

நான்காம் நாள் கதை நன்றாகவே போனது. மேய்ப்பன் முள்ளில் தேடினான், பள்ளத்தில் தேடினான், மழையில் நனைந்தான். டீச்சர் மேய்ப்பன் படத்தைப் பலகையிலிருந்து எடுத்தாள். இருட்டிவிட்டது, குட்டி கிடைக்கவில்லை, அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான் என்றாள்.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "கிடைக்கலைன்னா சொல்றீங்க, அக்கா?"

"நான் சொன்னதை அப்படியே சொல்லு."

சின்னவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள், அன்றைக்கு ஒரே வரியில்.

யாரும் சிரிக்கவில்லை. இல்லத்து வாசலில் யார் யாரோ விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் அவர்கள். டீச்சருக்கு அது தெரியாததல்ல, அந்த நேரத்தில் நினைப்பில் இல்லை. இருபத்தேழு முகங்களும் சின்னவளை விட்டு டீச்சர் பக்கம் திரும்பின. அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முன்வரிசையில் ஒரு சிறுமி டீச்சரையே பார்த்து ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்குறா?"

சின்னவள் அந்தச் சிறுமியைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்தக் குட்டிக்கு என்ன வயசுன்னு கேக்குறாக்கா."

டீச்சர் கையிலிருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருடக் கதையில் ஒரு சொல்லும் உதவிக்கு வரவில்லை. சின்னவள்தான் எழுந்து, டீச்சரின் கையிலிருந்த மேய்ப்பன் படத்தை வாங்கி மறுபடி பலகையில் ஒட்டினாள். நிறையப் பேசினாள். கடைசியில் குட்டியை எடுத்து மேய்ப்பன் தோளில் வைத்தாள். பிள்ளைகளுக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது.

மதியம் கை கழுவும் இடத்தில் இருவரும் தனியாக நின்றார்கள். அவர்களிடம் என்ன சொன்னாய் என்று டீச்சர் கேட்டாள்.

"கதை இன்னும் முடியலை, அக்காவுக்குத் தொண்டை அடைச்சிடுச்சு, மிச்சத்தை என்னைச் சொல்லச் சொன்னாங்கன்னேன்."

"தினமும் அப்படி என்ன நீட்டி முழக்குறே?"

"நான் பேசறது பாதி அவங்களுக்குப் புரியாதுக்கா. அதான் ஒண்ணையே மூணு தடவை சொல்றேன். தப்புத்தப்பா பேசறேன்னு சிரிக்கிறாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும், கதையைக் கேட்டா சரி." சின்னவள் குழாயை மூடிவிட்டு, டீச்சர் கை துடைக்கத் துண்டை நீட்டினாள். டீச்சர் எதற்கு அந்த முடிவைச் சொன்னாள் என்று அவள் கேட்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய்வரை வந்தது, நின்றுவிட்டது. பத்தொன்பது வருடமாக டீச்சர் கதை கதையாகச் சொல்லிக்கொடுத்த, அடுத்தவர் குறையை மூடுகிற குணம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு வந்திருக்கிறது, சொன்னவளுக்கு வரவில்லை. அதற்கும் சேர்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.