மேடைக்கு வெளியே ஒரு சக்கரம்

அப்பாவின் வலக்கன்னம் முடிந்து, இடக்கன்னத்தில் சவரக்கத்தியை வைத்த வேளையில் கூடத்தில் அண்ணனின் குரல் உயர்ந்தது. மகள் கையை எடுத்துக்கொண்டாள். பக்கவாதம் தொய்யவிட்ட கன்னம் அது. விரலால் இழுத்துப் பிடித்தால்தான் கத்தி ஓடும். நேற்று விழுந்தபோது அடிபட்ட நெற்றிப்பொட்டு கருநீலமாய்க் கன்றியிருந்தது.

"பதினெட்டு நாளா பச்சை, பச்சை, பச்சை! அதை நம்பித்தானே வாக்கரைப் பிடுங்கிட்டு ஒரு குச்சியைக் கையில குடுத்தீங்க? மறுநாளே விழுந்து செத்துப் போயிட்டாரு. உங்க மெஷின் பொய்யா, நீங்க பொய்யா?"

கேள்விக்கு ஆளானவள் பிசியோதெரபிஸ்ட். வாரம் இருமுறை வந்து அப்பாவை நடக்கவைத்தவள். அப்பா அவளுக்கு இட்ட பெயர் ஹெட்மாஸ்டரம்மா. வாக்கரின் கைப்பிடிகளில் அவள் பொருத்திய சென்சார், அவர் ஊன்றும் பாரத்தை அளக்கும். பாரம் மிகுந்தால் சிவப்பு விளக்கு, குறைந்தால் பச்சை. கைப்பிடியில் பாரம் குறைந்தால் கால்கள் தேறுகின்றன என்று பொருள். அந்த அளவுகள் அவளுடைய கைப்பேசிக்கும், வெளியூரில் இருந்த அண்ணனின் கைப்பேசிக்கும் உடனுக்குடன் போய்ச் சேரும்.

முதல் மாதம் முழுதும் சிவப்புதான். அண்ணன் அழைத்தான். "இந்த மாசக் கடைசிக்குள்ள தேறலேன்னா முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். ரெண்டு பேரும் சும்மா பொழுதை ஓட்டிட்டு இருக்கீங்க."

எடைமேடையில் முப்பத்தோராண்டு லாரிகளை ஏற்றி இறக்கி எடைபார்த்தவர் அப்பா. அன்று கோணிய வாயோடு சிரித்தார்.

"டிரைவர் பயலுக ஒரு வேலை பண்ணுவானுக, தெரியுமா? ஒரு சக்கரத்தை மட்டும் மேடைக்கு வெளியே நிறுத்திடுவானுக. எடை குறைஞ்சிடும்."

"அப்பா, வேணாம்பா."

"எத்தனை பேரைப் பிடிச்சுத் திருப்பி விட்டிருக்கேன்! இப்ப என் முறை. பின்னாலேர்ந்து இடுப்பு பெல்ட்டைத் தூக்கிப் பிடிம்மா. அங்க மட்டும் என்னை அனுப்பிடாதே, கண்ணு."

அவள் தூக்கினாள். விளக்கு பச்சையாயிற்று.

பெல்ட்டைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும், விழுந்தால் மட்டும் தாங்க வேண்டும் என்று கற்பித்தவள் ஹெட்மாஸ்டரம்மாதான். வரும் நாளெல்லாம் அவள் அப்பாவின் பாதங்களையே நோக்கியபடி முன்னே நடந்தாள். சட்டைக்கு அடியில் மறைந்த கை என்ன செய்கிறது என்று அவள் பார்த்ததில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே இருபத்திரண்டு எட்டு. ஒவ்வோர் எட்டிலும் அவருடைய பாதிப் பாரம் மகளின் முழங்கைகளில் இறங்கியது. அங்கே எந்தக் கருவியும் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

ஊன்றுகோல் வந்த அன்றாவது சொல்லியிருக்கலாம். மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. நேற்றுக் காலை, அடுப்பை அணைப்பதற்காக மட்டும் அவள் கையை விட்டாள்.

"மனுஷனை விட்டுட்டு மெஷினை நம்பினா இப்படித்தான்பா," என்று கூடத்தில் சித்தப்பா பெருமூச்சு விட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தோர் தலையசைத்தார்கள்.

மகள் கத்தியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அண்ணா, கொஞ்சம் உள்ளே வா."

சமையலறையில் வைத்துச் சொன்னாள். சொல்லி முடிக்க நான்கு வாக்கியங்களே தேவைப்பட்டன.

"அவங்க மேல தப்பே இல்லண்ணா. நான்தான்."

"எதுக்குடி அப்படிப் பண்ணே?"

"மாசக் கடைசின்னு நீ சொன்னியே."

அண்ணன் குழாயைத் திறந்தான். கை நனைக்காமலே மூடினான். அவன் பார்வை சுவரில் எதையோ தேடியது, சுவரில் ஒன்றுமில்லை.

"இதை யார்கிட்டயும் சொல்லாதே."

"அவங்க வேலை போயிடும்ணா."

"போகட்டும்." குரல் தாழ்ந்திருந்தது. "இல்லேன்னா யார் கொன்னதா இருக்கணும்? நீயா? நானா?"

அவன் கூடத்துக்குத் திரும்பினான். இன்றைக்கே புகார் அனுப்புவதாகச் சொன்னான். முன்னினும் உரத்துச் சொன்னான்.

பிசியோதெரபிஸ்ட் வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பதினெட்டு நாள் அளவுகளின் அச்சுத்தாள்கள். ஒவ்வொன்றாகப் புரட்டி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். மகள் தண்ணீர் கொண்டுபோய் நின்றதும் நிமிர்ந்தாள்.

"அக்கா, நீங்க கூடவே இருந்தீங்க. நான் எங்க தப்புப் பண்ணேன்? எதையாவது பார்த்தீங்களா?"

மகளின் வாய் திறந்தது. முதுகுப்புறம் பேச்சு நின்றுபோயிருந்தது. திரும்பாமலே தெரிந்தது, அண்ணன் பார்க்கிறான் என்று.

"தண்ணி குடிங்க," என்றாள்.

அவள் முழுவதையும் குடித்தாள்.

"இவ்வளவு பேர்ல நீங்க ஒருத்தர்தான் என்னை ஒண்ணும் கேக்கல. ரொம்ப நன்றிக்கா."

பிறர் வீட்டில் புழங்கியறிந்த ஒழுங்கோடு, டம்ளரை முற்றத்துக் குழாயில் இருமுறை அலம்பினாள், மதில்மேல் கவிழ்த்துவைத்தாள், தெருவில் இறங்கிப் போனாள். விளிம்பிலிருந்து கசிந்த நீர் சிமெண்டில் ஒரு வட்டமாய்ப் படிந்தது. வெயில் அதை ஒரு பக்கத்திலிருந்து உலர்த்தத் தொடங்கியது.